மாலையா, மாத்திரையா?

தூத்துக்குடி பனிமய மாதா கோயிலில் ஆண்டுதோறும் ஜூலை 26 அன்று கொடி ஏறும். ஆகஸ்ட் 5 அன்று திருவிழா நிறைவடையும். 1968-ல் அந்தக் கொடியேற்றத்துக்கு முந்தின நாளின் தேதியோடு, ரோமில் திருத்தந்தை ஆறாம் பவுல் ஒரு சுற்றுமடலில் கையெழுத்திட்டார். ஜூலை 29 அன்று, இங்கே திருவிழா நடந்துகொண்டிருக்கும்போது, அது உலகுக்கு வெளியானது. பெயர் ‘ஹுமானே வித்தே’. மாத்திரை, ஆணுறை, அறுவை எதுவும் ஆகாது. பெண்ணின் உடலில் கரு தங்காத நாட்கள் இயல்பாகவே உண்டு, போதிய காரணம் இருந்தால் தம்பதியர் அந்த நாட்களைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்பது அதன் சாரம்.

அதே 1968-ல்தான் இந்திய அரசு ‘நிரோத்’ ஆணுறையை மானிய விலையில் பெட்டிக்கடை வரை கொண்டுவந்தது. சுவரில் குடும்பக் கட்டுப்பாட்டுச் சின்னமான சிவப்பு முக்கோணம், பீடத்திலிருந்து சுற்றுமடல். 1530-களில் திருமுழுக்குப் பெற்று, 1542-ல் பிரான்சிஸ் சவேரியாரிடம் ஜெபம் கற்ற முத்துக்குளித்துறைப் பரதவர் வீட்டுப் பெண்ணுக்கு இரண்டு பக்கமிருந்தும் கட்டளை வந்தது. அவளைக் கூப்பிட்டு “உனக்கு எது தோதுப்படும்?” என்று கேட்க இரண்டு பக்கத்திலும் ஆள் இல்லை.

இன்று அந்தக் கேள்வி வேறு உடுப்பில் வருகிறது. “ஹார்மோன் மாத்திரை உடம்பைக் கெடுத்துவிடுமாமே?”, “நாள் பார்த்து இருந்தால் போதாதா?” என்று கேட்பவள் கல்லூரி முடித்தவளாக இருக்கலாம், கையில் மாதவிடாய்க் கணக்குப் பார்க்கும் செயலியும் இருக்கலாம். பதிலாகக் கிடைப்பது பெரும்பாலும் பயமுறுத்தலோ விளம்பரமோதான். இரண்டையும் தள்ளிவைத்துவிட்டு, கணக்கும் வரலாறும் சொல்வதைப் பார்க்கலாம்.

நாள் பார்க்கும் முறைக்கு விஞ்ஞான அடிப்படை கிடைத்தது 1920-களில். ஜப்பானிய மருத்துவர் ஓகினோவும் ஆஸ்திரிய மருத்துவர் க்னவுஸும் தனித்தனியே ஒரே உண்மையைக் கண்டார்கள்: சினைமுட்டை வெளிப்படுவது முந்தின மாதவிடாயிலிருந்து எண்ணினால் வரும் நாளில் இல்லை, அடுத்த மாதவிடாய்க்கு ஏறத்தாழ இரண்டு வாரம் முன்பு. இதில் உள்ள சிக்கல் வெளிப்படை. அடுத்தது எப்போது வரும் என்று தெரிந்தால்தானே பின்னோக்கி எண்ண முடியும்? நாள் தவறாமல் வருகிறவளுக்கு அது கணக்கு. முன்பின்னாக வருகிறவளுக்கு அது ஆருடம்.

ஆனாலும் அந்தக் கணக்குக்கு எதிர்பாராத ஆதரவாளர்கள் கிடைத்தார்கள். 1935 டிசம்பரில் அமெரிக்கக் கருத்தடைப் போராளி மார்கரெட் சாங்கர் வார்தாவுக்கு வந்து காந்தியிடம் கருத்தடைக்காக வாதாடினார். காந்தி எந்தக் கருவியையும் ஏற்கவில்லை. கடைசியில், கருத்தரிக்காத நாட்களில் மட்டும் சேர்வது என்ற வழியைத் தம்மால் ஓரளவு எண்ணிப்பார்க்க முடியும் என்ற மட்டில் இறங்கிவந்தார். 1951 அக்டோபரில் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் மருத்துவச்சிகளுக்கு ஆற்றிய உரையில் அதே வழியை அனுமதித்தார். அதே ஆண்டில் சுதந்திர இந்தியாவின் முதல் சுகாதார அமைச்சரும் காந்தியின் சீடருமான ராஜ்குமாரி அம்ரித் கௌர், உலக சுகாதார நிறுவனத்திடம் உதவி கேட்டார். வேறு முறை வேண்டாம், நாள் கணக்கு முறையை மட்டும் சோதித்துச் சொல்லுங்கள் என்பது அவர் நிபந்தனை. வாடிகனும் வார்தாவும் ஒத்துப்போன விஷயங்கள் குறைவு. அவற்றில் இது ஒன்று.

சோதிக்க வந்தவர் அமெரிக்க மருத்துவர் ஆபிரகாம் ஸ்டோன். தில்லியில் லோதி காலனி, மைசூர் மாநிலத்தில் ராமநகரம் என்று இரண்டு இடங்கள். எழுதப்படிக்கத் தெரியாத பெண்களுக்காக அவர் கண்டுபிடித்தது ஒரு பாசிமணி மாலை. பயமில்லாத நாட்களுக்குப் பச்சை மணி, பயமுள்ள நாட்களுக்குச் சிவப்பு மணி. தினம் ஒரு மணியை நகர்த்த வேண்டும். இருட்டில் நிறம் தெரியவில்லை என்றதும் மணியின் வடிவத்தை மாற்றினார்கள். சிலர் மணியைத் திருப்பித் தள்ளினார்கள். சிலர் மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டால் போதும், தாயத்துப் போலக் காத்துவிடும் என்று நம்பினார்கள் என்று அந்தத் திட்டத்தைப் பற்றி எழுதியவர்கள் பதிந்திருக்கிறார்கள். படித்தவர்கள் இன்றும் இதைச் சொல்லிச் சிரிப்பதுண்டு. சிரிக்க என்ன இருக்கிறது? மாலை தப்புச் செய்யவில்லை, பெண்களும் முட்டாள்கள் இல்லை. சிவப்பு மணி வரும் இரவில் “இன்றைக்கு வேண்டாம்” என்று சொல்லும் அதிகாரத்தை அந்த மாலை அவளுக்குத் தரவில்லை, அவ்வளவுதான்.

அரை நூற்றாண்டு கழித்து ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தார் அதே மாலையைச் சீர்செய்து திரும்பக் கொண்டுவந்தார்கள். 26 முதல் 32 நாள் சுழற்சி உள்ளவர்களுக்கு மட்டும். 8-ஆம் நாள் முதல் 19-ஆம் நாள் வரை விலகியிருக்க வேண்டும். விதி பிசகாமல் இருந்தால் ஆண்டுக்கு 100 பேரில் 5 பேர் கருவுறுகிறார்கள். நடைமுறையில் 12 பேர். மோசமில்லை. ஆனால் மாதத்தில் 12 நாள் விலக்கு.

நாள் எண்ணுவதைவிட உடலைக் கவனிப்பது நம்பகமானது என்று காட்டியவர்கள் மெல்பர்னைச் சேர்ந்த ஜான் பில்லிங்ஸ், ஈவ்லின் பில்லிங்ஸ் என்ற மருத்துவத் தம்பதி. 1953-ல் தொடங்கிய ஆராய்ச்சி. சினைமுட்டை வெளிப்படும் நாள் நெருங்கும்போது கருப்பை வாயில் ஊறும் திரவம் மாறுகிறது: முதலில் வறட்சி, பிறகு பிசுபிசுப்பு, கடைசியில் பச்சை முட்டையின் வெள்ளைக்கருவைப் போல, இரு விரலுக்கிடையில் இழுத்தால் நூலாக நீளும் வழுவழுப்பு. ஆணின் விந்தணு அந்தத் திரவத்தில் ஐந்து நாள் வரை உயிரோடு இருக்கும். முட்டையின் ஆயுள் ஒரு நாளைத் தாண்டாது. ஆக, ஒரு சுழற்சியில் கரு தங்கக்கூடியது ஆறே நாள். கேட்க எளிது. ஆனால் அந்த ஆறு நாள் எது? 2000-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வின்படி, பாடப்புத்தகம் சொல்லும் 10-ஆம் நாளுக்கும் 17-ஆம் நாளுக்கும் நடுவில் அந்த ஆறு நாளும் முழுதாக அடங்குவது 100-க்கு 30 பெண்களுக்குத்தான்.

கருத்தடை முறைகளின் தோல்வியை அளக்கும் அளவுகோலுக்குப் ‘பேர்ல் குறியீடு’ என்று பெயர். 1933-ல் அதை வகுத்த அமெரிக்க உயிரியலாளர் ரேமண்ட் பேர்ல் பெயரால் வந்தது. முத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் முத்துக்குளித்துறையைப் பற்றி எழுதும்போது கண்ணில் படாமல் போகாது. நூறு பெண்கள் ஓராண்டு ஒரு முறையைப் பின்பற்றினால் எத்தனை பேர் கருவுறுவார்கள் என்பதே கணக்கு.

பில்லிங்ஸ் முறையை உலக சுகாதார நிறுவனம் 1970-களின் பின்பாதியில் ஐந்து ஊர்களில் சோதித்தது: ஆக்லந்து, டப்ளின், மணிலா, எல் சால்வடாரின் சான் மிகேல், நம் பெங்களூரு. கலந்துகொண்ட பெண்களில் 100-க்கு 90 பேருக்கு மேல் முதல் சுழற்சியிலேயே திரவ மாற்றத்தைச் சரியாக அடையாளம் கண்டார்கள். எழுத்தறிவு அதற்குத் தடையாகவில்லை. ஏழைப் பெண்ணுக்கு இதெல்லாம் புரியாது என்று பேசுகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம். அடுத்த கணக்கை முறையின் ஆதரவாளர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அந்தத் தரவை 1990-ல் ட்ரஸல் என்பவரும் உடனாய்வாளரும் மறுபடி அலசினார்கள். விதியை முழுதும் காத்தவர்களிடம் தோல்வி ஆண்டுக்கு 100-க்கு 3. விதியை மீறியவர்களிடம் 80-க்கும் மேல். இந்த முறைக்கு மன்னிக்கும் குணம் கிடையாது. ஒருநாள் மாத்திரை மறந்தவளை மாத்திரை பெரும்பாலும் காப்பாற்றிவிடும். ஆறு நாளில் ஒருநாள் அசந்தவளைத் திரவம் காப்பாற்றாது.

நம் நாட்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் புதுச்சேரி உட்பட ஐந்து பகுதிகளில் இரண்டாயிரம் பெண்களுக்கு மேல் சேர்த்து ஒரு களச்சோதனை நடத்தி 1996-ல் முடிவை வெளியிட்டது. பாடம் மாறவில்லை. முறையால் நேர்ந்த தோல்வி மிகச் சொற்பம். கடைப்பிடிப்பதில் நேர்ந்த தோல்விதான் பெரும்பங்கு.

அன்னை தெரசா 1979-ல் நோபல் பரிசு பெற்று ஆற்றிய உரையில், கல்கத்தாவில் ஆறு ஆண்டில் இயற்கை முறையால் 61,273 குழந்தைகள் குறைந்ததாகச் சொன்னார். ஏழைகள் வெப்பமானி வைத்து அழகாகக் கற்றுக்கொண்டார்கள் என்றும் சொன்னார். எத்தனை தம்பதியர், எத்தனை பேர் நடுவில் விட்டார்கள் என்பது உரையில் இல்லை. பிறக்காத குழந்தைகளைக் கடைசி இலக்கம் வரை எண்ணிச் சொல்வது பக்திக்கு ஆகும், புள்ளிவிவரத்துக்கு ஆகாது.

இனிக் கடலுக்கு வருவோம்.

தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்து விசைப்படகுகள் விடியற்காலையில் கிளம்பி அன்று இரவே கரை திரும்பும். வடக்கே தருவைகுளத்து ஆட்கள் அப்படியில்லை. படகேறினால் பல நாள் ஆழ்கடல்தான். 2023 அக்டோபரில் தருவைகுளத்து விசைப்படகு ஒன்றை மாலத்தீவுக் கடலோரக் காவல்படை பன்னிரண்டு பேரோடு பிடித்தபோதுதான், இவர்கள் எவ்வளவு தூரம் போகிறார்கள் என்று உள்நாட்டுக்காரர்களுக்குத் தெரிந்தது. பழைய துறைமுகத்திலிருந்து மாலத்தீவுக்கும் லட்சத்தீவுக்கும் சரக்கேற்றிப் போகும் தோணிக்காரர்கள் உண்டு. கப்பலில் வேலைக்குப் போய் மாதக்கணக்கில் திரும்பாதவர்களும் உண்டு.

இந்த வீட்டு மனைவி நாள் பார்க்க வேண்டும் என்கிறது இயற்கை முறை. அவன் கரை சேரும் நாளைக் காற்றும் மீன்பாடும் டீசலும் தீர்மானிக்கும். அவளுடைய சினைமுட்டை வெளிப்படும் நாளை மூளையடியில் இருக்கும் சுரப்பி தீர்மானிக்கும். இரண்டும் ஒன்றையொன்று கேட்டு நடப்பதில்லை. மூன்று வாரம் கடலில் கிடந்து உப்பேறி வந்தவன் ஐந்து நாள் வீட்டில் இருக்கப்போகிறான், அந்த ஐந்து நாளும் சிவப்பு மணி என்றால், வழுவழுப்பையும் வறட்சியையும் பற்றி அவனிடம் யார் பேசுவது?

மாத்திரைக்கும் இந்த வீட்டில் தனிச் சிக்கல் உண்டு. “ஆள் இல்லாத வீட்டில் எதற்கு மாத்திரை?” என்று கேட்க மாமியார் தேவையில்லை, அவள் மனமே கேட்டுவிடும். அவன் வருகிறான் என்றதும் தொடங்குவது, போனதும் நிறுத்துவது. கருத்தடை மாத்திரை அப்படி வேலை செய்யாது. சுழற்சியின் நடுவில் தொடங்கினால் பலன் தர ஏழு நாள் ஆகும். அதற்குள் அவன் மறுபடி கடலில் இருப்பான். தலைவலி மாத்திரையைப் போல வேண்டும்போது போட்டுக்கொள்ளும் பொருள் இல்லை என்பதைச் சொல்லித் தராமல் அட்டையை மட்டும் கையில் கொடுத்தால், கரு தங்கிவிடும், பழி மாத்திரை மேல் விழும்.

உப்பளத்துப் பெண்ணின் நிலை வேறு மாதிரி. உடல்வெப்ப முறையில், கண் விழித்ததும் எழுந்திருக்கும் முன்பே, தினமும் ஒரே நேரத்தில் வெப்பமானி வைக்க வேண்டும். முட்டை வெளிப்பட்ட பின் வெப்பம் ஏறுவது 0.2 முதல் 0.5 டிகிரி செல்சியஸ்தான். சாதாரணக் காய்ச்சல் வெப்பமானியில் அதைப் பிடிப்பதே கஷ்டம். பாத்திக்கு விடியுமுன் போய்ச்சேர வேண்டியவளின் தூக்கமும் விழிப்பும் ஒழுங்காக இருக்க வழியில்லை. வெயிலிலும் உப்புநீரிலும் நின்று, ஒதுங்க இடமின்றித் தண்ணீரைக் குறைத்துக் குடிக்கும் பெண்களுக்குச் சிறுநீர்த் தொற்றும் வெள்ளைப்படுதலும் அடிக்கடி வரும் தொல்லைகள். வெள்ளைப்படுதல் உள்ளவளுக்கு எது தொற்றின் திரவம், எது கருப்பைவாய்த் திரவம் என்று பிரித்தறிவது எளிதில்லை. முதலில் அதற்கு வைத்தியம் பார்த்தாக வேண்டும்.

தாய்ப்பால் முறையும் இயற்கை முறைதான், அதுவும் மிக நம்பகமானது. 1988-ல் இத்தாலியின் பெல்லாஜியோவில் கூடிய வல்லுநர்கள் வகுத்த விதி மூன்று பகுதி கொண்டது: குழந்தைக்கு ஆறு மாதம் நிறையாமல் இருக்க வேண்டும், இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும், மாதவிடாய் திரும்பியிருக்கக் கூடாது. மூன்றும் பொருந்தினால் 98 சதவீதப் பாதுகாப்பு. ஒன்று நழுவினாலும் பாதுகாப்பு போய்விடும். மூன்றாம் மாதமே இறால் பதப்படுத்தும் ஆலைக்கோ உப்பளத்துக்கோ திரும்பும் தாய்க்கு இரண்டாவது விதி முதலில் நழுவும். “பால் கொடுக்கிறவரைக்கும் ஒன்றும் ஆகாது” என்ற பாட்டி சொல் பாதி உண்மை. மீதிப் பாதியால் பல வீடுகளில் இரண்டு குழந்தைக்கு நடுவில் ஒன்றரை வயசு இடைவெளிதான் இருக்கிறது.

இப்போது ஹார்மோன் பக்கம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ‘மாலா-என்’ அட்டையில் 28 மாத்திரைகள். 21-ல் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டோஜனும். நிறம் வேறான கடைசி ஏழும் வெறும் இரும்புச்சத்து. அந்த ஏழு நாளில் வருவதை எல்லாரும் மாதவிடாய் என்கிறார்கள். உண்மையில் அது ஹார்மோன் நின்றதால் வரும் உதிரப்போக்கு. சினைமுட்டையே வெளிப்படாத சுழற்சியில் மாதவிடாய் எங்கிருந்து வரும்? பின் எதற்கு அந்த ஏழு நாள் இடைவெளி? மாத்திரையை உருவாக்கியவர்களில் ஒருவரான பாஸ்டன் மருத்துவர் ஜான் ராக் தினமும் பூசைக்குப் போகும் கத்தோலிக்கர். உடலிலேயே உள்ள ஹார்மோனை வைத்து இயல்பான சுழற்சியைப் போலவே நடத்தினால், இதையும் இயற்கை முறை என்று திருச்சபை ஏற்கும் என்று அவர் நம்பினார். திருத்தந்தை அமைத்த ஆலோசனைக் குழுவின் பெரும்பான்மையும் 1966-ல் மாற்றத்துக்கு ஆதரவாகவே அறிக்கை தந்தது. ஆறாம் பவுல் ஏற்கவில்லை. ஆக ‘இயற்கை’, ‘செயற்கை’ என்று நாம் போடும் கோடு இறையியலில் அழுத்தமானது. உடலுக்குள் அவ்வளவு அழுத்தமாக இல்லை.

மாத்திரையை நாள் தவறாமல் எடுத்தால் ஆண்டுக்கு ஆயிரத்தில் 3 பேர் கருவுறுவார்கள். மனிதர்கள் மனிதர்களாக இருப்பதால் நடைமுறைக் கணக்கு நூற்றில் 7. கெடுதல் என்ன? ரத்தக்கட்டி பற்றிய பயம் நியாயமானது, ஆனால் அளவோடு பார்க்க வேண்டியது. மாத்திரை எடுக்காத, கருவுறாத பெண்களில் ஆண்டுக்குப் பத்தாயிரத்தில் 1 முதல் 5 பேருக்குக் கால் ரத்தக்குழாயிலோ நுரையீரலிலோ ரத்தம் கட்டுகிறது. மாத்திரை எடுப்பவர்களில் 3 முதல் 9. கர்ப்பிணிகளில் 5 முதல் 20. பிரசவித்த முதல் வாரங்களிலோ 40-க்கும் மேல். மாத்திரை வேண்டாம் என்பவள் கர்ப்பமானால் தப்புவது சிறிய ஆபத்திலிருந்து பெரிய ஆபத்துக்கு. மார்பகப் புற்றுநோய் பற்றி 18 லட்சம் டென்மார்க் பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2017-ல் வந்தது: ஹார்மோன் முறை பயன்படுத்துவோரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 7,700 பேருக்கு ஒருவர் கூடுதல். மறுபக்கம், சினைப்பைப் புற்றுநோயும் கருப்பை உட்சுவர்ப் புற்றுநோயும் மாத்திரையால் குறைகின்றன.

யாருக்கு ஆகாது என்பதில் மட்டும் சமரசம் கிடையாது. ரத்தக்கொதிப்பு உள்ளவர், 35 தாண்டிப் புகைப்பவர், கண்முன் மின்னல் தெறித்து ஒற்றைத் தலைவலி வருபவர், முன்பு ரத்தம் கட்டியவர், பச்சைக் குழந்தைக்குப் பால் கொடுப்பவர் ஆகியோர் இந்தக் கூட்டு மாத்திரையைத் தொடக் கூடாது. ரத்தக்கொதிப்புப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். அந்த இரண்டு நிமிடம் செலவழிக்காமல் மருந்துக்கடையில் நீட்டி வாங்குவதுதான் ஹார்மோன் முறையின் மெய்யான ஆபத்து.

கடலோடி வீட்டுக்குக் கணக்கில் பொருந்துவது மூன்று மாத ஊசி. 2017 முதல் ‘அந்தரா’ என்ற பெயரில் அரசு இலவசமாகத் தருகிறது. அவன் எப்போது வந்தாலும் பாதுகாப்பு உண்டு. யாரும் அட்டையைப் பார்த்துக் கேள்வி கேட்க மாட்டார்கள். ஆனால் இந்த ஊசிக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1986-ல் ‘ஸ்த்ரீ சக்தி சங்கடனா’ உள்ளிட்ட பெண்கள் அமைப்பினர், இதே வகை ஊசியான நெட்-என்னுக்கு எதிராக உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். பெண்களுக்குச் சரியாக விளக்காமல் ஊசி போட்டுச் சோதிக்கிறார்கள் என்பது குற்றச்சாட்டு. அந்தச் சந்தேகம் இன்னும் முழுதாக ஆறவில்லை, ஆறவும் வேண்டாம். விளக்க வேண்டியது நிறைய இருக்கிறது. முதல் சில மாதம் உதிரம் கண்டபடி வரலாம். ஓராண்டில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு மாதவிடாயே நின்றுவிடும். அது கெட்ட ரத்தம் உள்ளே தங்குவது அல்ல. கருப்பை உட்சுவர் தடிக்காததால் வெளியேற எதுவும் இல்லை. எலும்பின் அடர்த்தி சற்றுக் குறையும், நிறுத்தினால் பெரும்பாலும் மீளும். நிறுத்திய பின் கரு தங்கக் கடைசி ஊசியிலிருந்து சராசரியாகப் பத்து மாதம் ஆகலாம். அடுத்த ஆண்டே பிள்ளை வேண்டும் என்பவளுக்கு இது தோதல்ல. நாள் தள்ளிப்போவதைக் கண்டு மிரளும் பெண்ணிடம் இதையெல்லாம் முன்கூட்டியே சொல்லாவிட்டால், இரண்டாவது ஊசிக்கு அவள் வரமாட்டாள்.

நடுவில் நிற்கும் ஒன்றும் உண்டு. லக்னோவின் மத்திய மருந்து ஆய்வுக் கழகம் கண்டுபிடித்து 1991-ல் ‘சஹேலி’ என்று விற்பனைக்கு வந்து, இப்போது ‘சாயா’ என்ற பெயரில் அரசு தரும் மாத்திரை. இதில் ஹார்மோன் இல்லை. ஹார்மோன் போய் ஒட்டும் இடத்தில் தான் ஒட்டிக்கொண்டு வேலை செய்வது. முதல் மூன்று மாதம் வாரம் இருமுறை, பிறகு வாரம் ஒருமுறை. பால் கொடுப்பவளும் எடுக்கலாம். நம் நாட்டிலேயே பிறந்த இந்த மாத்திரையை நம் பெண்கள் அதிகம் அறியாதது ஒரு வேடிக்கை.

இத்தனை பேசியும், தமிழ்நாட்டில் பெண்கள் இரண்டு பக்கமும் போகவில்லை. ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி (2019-21) இங்கே ஏதாவதொரு கருத்தடை முறையைப் பின்பற்றும் மணமான பெண்கள் 68.6 சதவீதம். கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள் மட்டுமே மணமான பெண்களில் 57.8 சதவீதம். மாத்திரையை நம்பியவர் நூற்றில் ஒருவர்கூட இல்லை. “ஆபரேஷன்” என்று சொன்னாலே நம் ஊரில் ஒரே ஒரு ஆபரேஷன்தான் பொருள். இரண்டாவது பிரசவத்தோடு, பலருக்கு இருபதுகளின் நடுவிலேயே, முடிந்துவிடுகிறது. கத்தோலிக்க மருத்துவமனைகள் இந்த அறுவையைச் செய்யக் கூடாது என்பது திருச்சபை விதி. அதனால் கடற்கரைப் பெண்கள் செய்துகொள்ளாமல் இல்லை, அரசு மருத்துவமனைக்குப் போகிறார்கள். எட்டுப் பிள்ளை, பத்துப் பிள்ளை வீடுகள் பாட்டி காலத்தோடு போனது சுற்றுமடலால் அல்ல.

அறுவையில் தவறில்லை. அதற்கு முன்னால் உள்ள ஆண்டுகளுக்கு எதுவும் சொல்லித்தராததுதான் தவறு. கல்யாணத்துக்கும் முதல் பிள்ளைக்கும் நடுவில், முதலுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில், அவள் கையில் என்ன இருக்கிறது? 1995-ல் தமிழ்நாட்டில் கள ஆய்வு செய்த மானிடவியலாளர் சிசிலியா வான் ஹாலன், பிரசவ மேசையிலேயே கேட்காமல் கொள்ளாமல் காப்பர்-டி பொருத்தப்பட்ட பெண்களைப் பற்றி எழுதினார். மருத்துவமனையின் இலக்கு நிறைவேறியது. பெண்ணுக்கு அந்தக் கருவியின் மேலேயே வெறுப்பு வந்தது. கருத்தடை பெண் விடுதலைக்காக என்று பெரியார் 1930-களிலேயே எழுதிய நாடு இது. உடல்நலம், ஏழ்மை, மக்கள்தொகை என்று மற்றவர்கள் சொன்ன காரணங்களை அவர் இரண்டாவதாகவே வைத்தார். அரசுத் திட்டம் அந்த வரிசையைத் தலைகீழாக்கியது.

அப்படியானால் எதைத் தேர்வது? இயற்கை முறையைப் பிரசங்கமாகச் சொல்லாமல் கைத்தொழில் போலக் கற்றுக்கொடுத்தால் அது வேலை செய்யும். திரவம், வெப்பம் இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் முறையை 900 ஜெர்மன் பெண்கள் பின்பற்றிய ஆய்வு 2007-ல் வெளியானது. விதி தவறாதவர்களிடம் தோல்வி ஆண்டுக்கு 100-க்கு 0.4, எல்லாரையும் சேர்த்து 1.8. மாத்திரைக்கு நிகர். ஆனால் அவர்கள் பயிற்சி பெற்றவர்கள், கணவனும் உடன்பட்டவன். செயலியை மட்டும் நம்பியவர்களின் கதை வேறு. 2017-ன் கடைசி மாதங்களில் ஸ்டாக்ஹோமின் ஒரு மருத்துவமனைக்குக் கருக்கலைப்புக்கு வந்த 668 பேரில் 37 பேர், வெப்பக் கணக்குப் பார்க்கும் ஒரே செயலியை நம்பியிருந்தவர்கள். ‘தள்ளிப் பிறந்தாலும் பரவாயில்லை, முந்திப் பிறந்தாலும் பரவாயில்லை’ என்ற நிலையில் உள்ள தம்பதிக்கு இயற்கை முறை நல்லது. சுழற்சி ஒழுங்கில்லாதவளுக்கும், கணவன் குடித்துவிட்டு வரும் வீட்டுக்கும், இன்னொரு கர்ப்பம் உயிருக்கே ஆபத்து என்று மருத்துவர் சொன்னவளுக்கும் அது கூடவே கூடாது. ஹார்மோன் முறையின் பெரிய வசதி, கணவனின் ஒத்துழைப்பு இல்லாமலே நடக்கும் என்பது. அதன் பெரிய அநியாயமும் அதுவேதான்: விலை முழுவதும் அவள் உடம்பில். 1950-களின் பின்பாதியில் தலைமைச் செயலர் ஆர்.ஏ. கோபாலசாமி காலத்தில் சென்னை மாநிலம் அறுவைக்கு 30 ரூபாய் கொடுக்கத் தொடங்கியபோது வரிசையில் நின்றவர்கள் பெரும்பாலும் ஆண்கள். இன்று அந்த வரிசையில் ஆண்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். விசைப்படகுக்காரர்கள் எல்லாரும் கரையில் இருக்கும் இரண்டு மாதம். ஒரு பெண்ணுக்கு ஏறத்தாழ இரண்டு சுழற்சி. அதற்கு நாள் கணக்கை நம்பப்போகிறவர்கள் குறைந்தது ஆறு சுழற்சியின் தேதிகளை எழுதிவைத்திருக்க வேண்டும், அக்டோபரில் தொடங்குங்கள். திரவம் பார்க்கப்போகிறவர்கள் ஜனவரியில். மாத்திரைக்காரர்கள் மார்ச் மாத மாதவிடாயின் முதல் ஐந்து நாளுக்குள்; ஊசி வேண்டுபவர்கள் அதே மாதவிடாயின் முதல் ஏழு நாளுக்குள், ரத்தக்கொதிப்பைப் பார்த்துவிட்டு. எதையும் தொடங்காமல் ஏப்ரல் வந்துவிட்டதென்றால், ஆணுறை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. வாங்கி வர அவரையே அனுப்புங்கள், கடலுக்குப் போகாமல் வீட்டில்தான் இருக்கிறார்.